அமிர்தி ஓடையும் சவ்வாது மலைப் பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், சவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. சிறிய வன உயிரினப் பூங்கா, அதைத் தாண்டினால் காடு, இரண்டு மலைச் சரிவுகளுக்கு நடுவே இறங்கி வரும் ஓடை, மேலே ஓர் அருவி. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களை அங்கே பறவை பார்க்கக் கூட்டிப் போகிறேன். பேருந்தில் ஏறும்போது ஆரம்பிக்கும் கேள்விகள், திரும்பி வந்து டீ குடிக்கும்வரை ஓயாது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

பூங்கா என்றால் கூண்டில் இருக்கும் மயிலையும் கிளியையும் பார்ப்பதுதானே?

அதுவும் உண்டு. 1967-ல் தொடங்கிய பூங்கா அது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். நான் கூட்டிப் போவது கம்பிக்கு வெளியே இருப்பவற்றைப் பார்க்க. வேடிக்கை என்னவென்றால், வெளியே இருப்பவை உள்ளே இருப்பவற்றைத் தேடி வரும். சிந்திய தீனியைப் பொறுக்கத் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து சண்டை போடும். அடைத்து வைத்த மயில் ஒன்று அகவினால் காட்டுக்குள்ளிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

எப்படிப் போவது, எத்தனை மணிக்குப் போவது?

கணியம்பாடி வழியாக. பேருந்து உண்டு, ஆனால் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. இறங்கும்போதே திரும்பும் வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் சிக்கல். பூங்கா வாசல் திறப்பதற்குள் காலைப் பறவைகள் பாதி அடங்கிவிடும். அதனால் விடியும்போதே வந்துவிடுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தை வாசலுக்கு வெளியே, சாலையோரப் புளியமரங்களிலும் வயல் வரப்பிலும் கழியுங்கள். மின்கம்பியில் பனங்காடையும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் உட்கார்ந்திருக்கும். கொண்டலாத்தி தரையைக் குத்திக்கொண்டிருக்கும். ஓடைக்குள் இதற்குள் வெயில் வந்திருக்காது, அங்கே காலை தாமதமாகத்தான் தொடங்கும். ஆக, நஷ்டம் பெரிதில்லை.

காட்டுக்குள்ளும் அருவிப் பக்கமும் போக வனத்துறை அனுமதி வேண்டும். மழை கொட்டினாலும் கோடையில் தீ பயம் இருந்தாலும் மூடிவிடுவார்கள். வாசலில் இருக்கும் காவலர் ‘இன்னைக்கு வேணாம்’ என்றால் வாதாடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓடையில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் இன்னொரு வாய்ப்பு. இலையெல்லாம் கொட்டிவிட்டு இலவும் புரசும் முருக்கும் சிவப்புச் சிவப்பாகப் பூத்து நிற்கும். அந்தப் பூக்களில் தேனுக்கு வரும் பறவைகளை மறைக்க ஓர் இலைகூட இருக்காது. பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிட வசதியான மரங்கள் கிடையா. கத்திரி வெயிலில் மட்டும் வராதீர்கள், வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாள் முழுக்க நடந்தேன். நாலே நாலு பறவைதான் தெரிந்தது. எங்கே தப்பு?

நடந்ததுதான் தப்பு.

சமவெளியில், ஏரிக்கரையில் நடந்தால் பறவை கிடைக்கும். ஓடைப் பள்ளத்தில் கதை வேறு. சருகும் உருளைக்கல்லும் நிறைந்த வழியில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் இரண்டு பக்கச் சரிவிலும் மோதி எதிரொலிக்கும். நீங்கள் வருவது உங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். நீங்களோ காலைப் பார்ப்பதா, மரத்தைப் பார்ப்பதா என்று திண்டாடுவீர்கள்.

என் வழக்கம் இது: ஓடை வளையும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பாறையில் சாய்ந்து ஒரு மணி நேரம் உட்காருவது. முதல் பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் ஏதோ ஒரு குருவி நம்மைப் பாறைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதைப் பார்த்து அடுத்தது வரும்.

உட்காருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் காட்டுப் பறவைகள் கலந்த கூட்டமாக இரை தேடும். மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், கூடவே கரிச்சான் என்று பல சாதிப் பறவைகள் சேர்ந்து ஒரு சரிவை அலசிக்கொண்டே நகரும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும், பருந்து வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார். கரிச்சான் இதில் கொஞ்சம் போக்கிரி. மற்றவர்களின் அபாயக் குரலைப் போலவே பொய்யாகக் கத்தி, பயந்து ஓடும் பறவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ளும் கரிச்சான்களும் உண்டு. இந்தக் கூட்டம் உங்கள் வளைவுக்கு வரும்வரை காடு செத்துக் கிடப்பது போலிருக்கும். வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு வகை. நடந்துகொண்டிருந்தால் நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள், கூட்டம் மறுபக்கம் போகும்.

சரி, எங்கே உட்காருவது?

அருவிக்குப் பக்கத்தில் வேண்டாம். விழும் தண்ணீரின் இரைச்சலில் எந்தக் குரலும் கேட்காது. இரண்டு வளைவு தள்ளி, தண்ணீர் தேங்கி நிற்கும் சின்ன மடுவின் அருகே உட்காருங்கள். தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் வரும் பறவைகள் ஓட்டத்தைவிடத் தேக்கத்தையே விரும்பும்.

வெயிலையும் கவனிக்க வேண்டும். காலையில் முதல் வெயில் மேற்குப் பக்கச் சரிவின் உச்சியில் விழுந்து, மெல்லக் கீழே இறங்கும். இரவு முழுக்கக் குளிரில் இருந்த பறவைகள் அந்த வெயில் கோட்டைத் தேடி வந்து இறகை விரித்து உட்காரும், பூச்சிகளும் அங்கேதான் முதலில் கிளம்பும். நீங்கள் கிழக்குப் பக்கம் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், பறவை வெளிச்சத்தில். மாற்றி உட்கார்ந்தால் எல்லாமே கரிக்குருவியாகத் தெரியும்.

எந்தக் குரலை முதலில் பழகுவது?

கண்ணைவிடக் காதுதான் பள்ளத்தில் உதவும். ஐந்து குரல் போதும், மிச்சம் தானாக வரும். ‘டுக், டுக், டுக்’ என்று செம்பு தட்டுபவரைப் போல நிறுத்தாமல் தட்டினால் செம்மார்புக் குக்குறுவான். குடுகுடுவென்று உளறிக்கொண்டே புதருக்குள்ளிருந்து வந்தால் சின்னான்களில் ஒன்று. சீழ்க்கையாக இனிமையாகப் பாடினால் குண்டுக்கரிச்சான். கரகரப்பான ‘கீச்’சுடன் தண்ணீர் மேல் அம்பு போலப் போனால் மீன்கொத்தி. ‘டிசிட், டிசிட்’ என்று உலோகம் தட்டியது போல ஒற்றை இரட்டையாக வந்தால், ஓடைக் கல்லின் மேல் வாலை ஆட்டிக்கொண்டு மஞ்சள் வயிற்றுடன் ஒரு வாலாட்டி நிற்கும். இமயமலையிலும் அதற்கும் வடக்கேயும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, நம் ஊர் ஓடைக்குக் குளிர்காலம் கழிக்க வந்தது அது.

ஆறுமணிக்குருவி என்கிறார்களே, உண்மையாகவே ஆறு மணிக்குக் கூவுமா?

கிட்டத்தட்ட. விடியும்போதும் அடையும்போதும் ‘வ்வீட்-டியூ’ என்று இரண்டு அசையில் கூப்பிடும். ஒன்று தொடங்கினால் சரிவு முழுக்கப் பதில் குரல் வரும், அப்போதுதான் இத்தனை பேர் இங்கே ஒளிந்திருந்தார்களா என்று தோன்றும். பச்சை முதுகு, நீலத் தோள், செவ்வயிறு, கண்ணில் கறுப்புப் பட்டை. இத்தனை வண்ணம் இருந்தும் பார்ப்பது கஷ்டம். தரையில் சருகைப் புரட்டிப் பூச்சி தின்னும் பறவை, அசையாமல் நின்றால் சருகோடு சருகு.

அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து வந்து ஏப்ரல், மே மாதங்களில் திரும்பும். இரவில்தான் பறக்கும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் மாடிப்படியிலும் விழுந்து கிடப்பதுண்டு, கண்ணாடி ஜன்னலில் மோதியும் விழும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் சில மணி நேரம் விட்டு வையுங்கள். பூனை இல்லாத மரத்தடியில் சாயங்காலம் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மேலே வெறும் பாறை. அங்கே என்ன இருக்கப் போகிறது?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி இருக்கிறது: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் கரைபுரண்டு வெள்ளம் வந்ததைப் பார்த்தோம். கோட்டைக்கு இனி அரசன் வரப்போவதில்லை, அதை விடுங்கள். மலையில் மரமில்லை என்ற கேலி மட்டும் மிச்சம். எனக்கு அதில் வருத்தமே கிடையாது, ஏனென்றால் இந்தப் பக்கத்துப் பறவைகளில் மிகவும் அரிதானது மொட்டைப் பாறையைத்தான் கேட்கிறது.

மஞ்சள் தொண்டைச் சின்னான். உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இருக்கிறது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பெரிய உருண்டைப் பாறைகளும் முட்புதரும் கலந்த வறண்ட குன்றுகள்தான் அதன் வீடு. செஞ்சிக் குன்றுகளிலும், குடியாத்தம் எல்லைக்கு அப்பால் ஆந்திரப் பக்கம் இருக்கும் கௌண்டின்யா சரணாலயத்திலும் இருக்கிறது. அழிவாய்ப்பு உள்ள இனம் என்று பன்னாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நல்ல மழைக்காட்டை யாரும் வெட்டினால் ஊரே பேசும். கல்குவாரிக்காக ஒரு மொட்டைக் குன்றைக் கரைத்தால், ‘சும்மா கிடந்த பாறைதானே’ என்பார்கள். இந்தக் குருவியின் பிரச்சினையே அந்த ‘சும்மா’ என்ற சொல்தான்.

அடையாளம் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. இங்கே எல்லா இடத்திலும் இருப்பது செங்குதச் சின்னான்: தலை கறுப்பு, வாலடி சிவப்பு. புதருக்குள் முணுமுணுப்பது வெண்புருவச் சின்னான்: மங்கிய நிறம், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. மஞ்சள் தொண்டைக்காரருக்கு அந்தக் கோடு கிடையாது. தொண்டையும் வாலடியும் நல்ல மஞ்சள், வால் நுனியில் வெளிர் விளிம்பு. பாறை மேல் ஒரு கணம் நின்று பள்ளத்துக்குள் குதித்துவிடும். வால் நுனியைப் பார்த்தேன் என்று சொல்பவரை நம்புங்கள். ‘மஞ்சளா தெரிஞ்சுது’ என்பவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். மாம்பழச்சிட்டும் மஞ்சள்தான்.

செங்குத்துப் பாறையில் வேறு என்ன கவனிப்பது?

முதலில் வெள்ளைக் கறை. சுண்ணாம்பை மேலிருந்து கவிழ்த்தது போல ஒரு விளிம்புக்குக் கீழே கோடு கோடாக இறங்கியிருந்தால், அந்த விளிம்பு யாரோ தினமும் உட்காரும் நாற்காலி. இராசாளியாக இருக்கலாம், பைரியாக இருக்கலாம், கொம்பன் ஆந்தையாகவும் இருக்கலாம். பைரி இரைமேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். நமக்குத் தெரிவது பெரும்பாலும் புறாக்கூட்டம் சிதறுவது மட்டும்தான்.

பாறை சூடேறி, காற்று மேலே கிளம்ப ஒன்பது மணியாவது ஆகும். கழுகு வகைகள் அப்போதுதான் வட்டமடிக்கத் தொடங்கும். அதுவரை வானத்தைப் பார்த்துக் கழுத்தை நோகடித்துக்கொள்ள வேண்டாம். பாறை முகத்தை ஒட்டி ஓயாமல் அங்குமிங்கும் சறுக்கும் பழுப்பு நிறச் சிறு பறவைகள் தகைவிலான்கள். மழை படாத குடைவுகளில் சேற்று உருண்டையால் கிண்ணம் போலக் கூடு கட்டும்.

அடியில், புதரும் பாறையும் சேரும் இடத்தில், கோழி ஓடினது போல் சத்தம் கேட்டால் சுண்டாங்கோழி. பறக்காது, மேட்டைப் பார்த்து ஓடும். சேவலின் காலில் ஒன்றுக்கு மேற்பட்ட முள் இருக்கும் என்பது அதன் விசேஷம். அதைப் பார்க்கும் அளவுக்கு அது நின்றதை நான் இதுவரை கண்டதில்லை.

பைனாகுலர் எது வாங்குவது?

8x42. முதல் எண் எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10x42-ல் 4.2தான், சட்டைப்பையில் அடங்கும் 8x25-ல் வெறும் 3.1. வெட்டவெளியில் இது பெரிய வித்தியாசமில்லை. காலையில் இருண்டு கிடக்கும் ஓடைக்குள் இதுதான் நிறம் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள வித்தியாசம். பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடும், பார்வை அகலமும் குறையும். கடைக்காரர் ‘பத்து போடுங்க சார், பவர் ஜாஸ்தி’ என்பார். தலையாட்டிவிட்டு எட்டையே வாங்குங்கள்.

போனில் பறவைக் குரலைப் போட்டால் பக்கத்தில் வருமாமே?

வரும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வரும். இரை தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும். என்னோடு வந்தால் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கூட்டைப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். நீங்கள் விலக்கிவிட்ட கிளை வழியாக அண்டங்காக்கை எட்டிப் பார்க்கும்.

பாம்பு, கரடி, யானை?

பாம்பு எல்லாக் காட்டிலும் உண்டு. கை வைக்கும் முன் பாறை இடுக்கைப் பாருங்கள். சவ்வாது மலையில் கரடி இருக்கிறது, விடியற்காலையில் கரையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும், அந்த வேலையில் மூழ்கிவிட்டால் நாம் வருவது அதற்குக் கேட்காது. அதனால்தான் வெளிச்சம் வரும் முன் உள்ளே போகக் கூடாது, தனியாகப் போகக் கூடாது என்கிறேன். யானை பெரும்பாலும் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் கதை.

ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் இரண்டில். ஒன்று மலைத்தேனீ. செங்குத்துப் பாறையில் முறம் முறமாகத் தொங்கும் அடைகளுக்குக் கீழே உட்காராதீர்கள், சென்ட் போட்டு வராதீர்கள், பீடி சிகரெட் கூடவே கூடாது. தேன்பருந்து அந்த அடையைத் தாக்கினால் கோபம் கீழே இருப்பவர்மேல்தான் திரும்பும். இரண்டாவது காட்டாறு. மேலே மலையில் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பையைக்கூடத் தேடாமல் மேட்டில் ஏறுங்கள்.

குரங்கை மறந்துவிட்டேன். ஒரு தடவை வாலாட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பின்னாலிருந்து புளிசாதப் பொட்டலம் போய்விட்டது. எடுத்தவர் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். அன்றிலிருந்து சாப்பாடு ஜிப் போட்ட பைக்குள்.

என்ன நிறத்தில் உடை?

காய்ந்த புல் நிறம். வெள்ளை வேண்டாம்.

பறவையின் பெயரே தெரியவில்லை. புத்தகத்தில் ஒன்று, ஊரில் ஒன்று சொல்கிறார்கள்.

ஊரில் சொல்வதை முதலில் எழுதுங்கள். கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள், வலியன் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு கவனிப்பு: ஒன்று வாலைப் பார்த்தது, ஒன்று காக்கையையே துரத்தும் துணிச்சலைப் பார்த்தது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் சாமைக் கொல்லையில் இறங்கும் பறவை எது, தேனடையைக் காட்டிக்கொடுப்பது எது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மதியம் போய்விடும். பெயர் தெரியாவிட்டால் அளவு, அலகு, வால், எங்கே உட்கார்ந்தது, என்ன செய்தது என்று நாலு வரி எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள், அதுதான் அதிகம் ஏமாற்றும்.

எழுதி வைத்து என்ன செய்வது?

ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள், இலவசம்தான். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். காக்கையையும் மைனாவையும் விடாதீர்கள், ‘எல்லாரும் பார்ப்பதுதானே’ என்று விட்டுவிட்டால் அது குறையும்போது யாருக்கும் தெரியாது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நாலு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தொடங்குவதற்கு நல்ல நேரம்.

மாவட்டம் குறிக்கும்போது மட்டும் கவனம். அமிர்தி வேலூர் மாவட்டம். மேலே ஏறி ஜமுனாமரத்தூர் போனால் திருவண்ணாமலை மாவட்டம். ஏலகிரி, காவலூர் பக்கம் போனால் 2019-க்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். 1989-க்கு முந்தைய குறிப்புகளில் எல்லாமே வட ஆற்காடுதான். பழைய குறிப்பில் ‘வட ஆற்காடு’ என்று மட்டும் இருந்தால் எந்த மலை என்று தேடிப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழங்கால் வலி, மலைக்கு வர முடியாது. எனக்கு என்ன வழி?

கோட்டை அகழிக்கரையில் சாயங்காலம் உட்காருங்கள். நீர்க்காகமும் மீன்கொத்தியும் வரும். வண்டி இருந்தால் காவேரிப்பாக்கம் ஏரி. இங்கேயும் நடக்க வேண்டியதில்லை, கரைமேல் ஒரு நாற்காலி போதும்.

சாயங்காலம் இருட்டும்வரை இருக்கலாமா?

காட்டுக்குள் கூடாது, ஐந்து மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். ஆனால் உடனே வண்டி ஏறாமல் சாலையில் கொஞ்சம் நில்லுங்கள். ஆறுமணிக்குருவி முடித்ததும் பக்கி என்ற இரவுப் பறவை தொடங்கும். வண்டியில் திரும்புபவர்கள் மெதுவாக ஓட்டுங்கள், தார்ச்சாலையின் சூட்டுக்கு அது ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். விளக்கொளியில் இரண்டு சிவப்புப் பொட்டு தெரிந்தால் விளக்கைத் தாழ்த்தி நிறுத்துங்கள், கடைசி நொடிவரை அது எழாது.